2 பெரிதா, 3 பெரிதா? தின்னர் கேனும் நுவரெலியாக் குளிரும்

9 ஜனவரி 2024, மாலை 6.05 (கேள்வி)

நுவரெலியாவுக்குக் கிட்ட, நானுஓயாப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) சாமான் அறைக்குப் புதிதாக வந்திருக்கிறேன். பெயின்ட் கரைக்கும் தின்னர் கேனோடு வந்த பாதுகாப்புத் தாளில் "எரியும் திரவம், வகை 2" என்று இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு "வகை 3". அப்படியென்றால் மண்ணெண்ணெய்தானே கூடின ஆபத்து? அதோடு இங்கே ராத்திரியில் 10 பாகைக்குக் கீழே போகிறது. கொழும்பு வெயிலுக்குப் போட்ட கணக்கு நமக்கு எதற்கு? இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாம் என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 ஜனவரி, இரவு 9.40

தலைகீழாகப் பிடித்துவிட்டீர்கள் தம்பி. இந்த எண் பள்ளிக்கூட ராங்க் மாதிரி. 1 என்றால் வகுப்பில் முதலாவது, குழப்படியில் முதலாவது. 2 அதற்கு அடுத்த பிள்ளை. மண்ணெண்ணெய் மூன்றாம் இடம்தான்.

எண்ணை முடிவு செய்வது இரண்டு வெப்பநிலைகள். ஒன்று பிளாஷ் பொயின்ட். திரவத்துக்கு மேலே நிற்கும் ஆவி, ஒரு சின்னச் சுடரைக் காட்டினால் பக்கென்று பற்றும் அளவுக்குச் சேர்கிற ஆகக் குறைந்த வெப்பநிலை அது. மற்றது கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலை. பிளாஷ் பொயின்ட் 23 பாகைக்குக் கீழே இருந்து, கொதிப்பதும் 35 பாகைக்குள் என்றால் வகை 1. 23க்குக் கீழே, ஆனால் கொதிப்பது 35க்கு மேலே என்றால் வகை 2. 23 முதல் 60 வரை வகை 3. அதற்கு மேல் 93 வரை வகை 4. உங்கள் தின்னரில் பெரும்பங்கு டொலுவீனாக இருக்கும். அதன் பிளாஷ் பொயின்ட் 4 பாகை, கொதிநிலை 110 சொச்சம். மண்ணெண்ணெய்க்கு பிளாஷ் பொயின்ட் 38க்கு மேலே. டீசல் வகை 4.

குளிரைப் பற்றி: உங்கள் 10 பாகை 4ஐ விடக் கூடத்தானே? பிறகு என்ன பாதுகாப்பு. மேலே காற்று மெலிவு, ஒக்சிசன் குறைவு என்பதால் கொஞ்சம் சாதகம் இருக்கலாம், அவ்வளவுதான்.

நான் ஹட்டனில் மோட்டர் ரீவைண்டிங் செய்கிறேன். அதற்கு முன் 11 வருடம் ஒரு ஸ்டோரில் எலக்ட்ரீசியன். வார்னிஷும் தின்னரும் கையிலும் மூக்கிலும் ஊறியவன். தட்டுக் கதையை நாளைக்கு எழுதுகிறேன், கரண்ட் இரண்டு தரம் போய் வந்துவிட்டது.

10 ஜனவரி, காலை 6.15

டீசல் வகை 4 என்று எழுதியதை அடித்துவிடுங்கள். கலவைக்குக் கலவை அதன் பிளாஷ் பொயின்ட் மாறும். 55 முதல் 75 பாகை வரையுள்ள டீசல் போன்ற எண்ணெய்களைத் தனிக் கூட்டமாக எடுக்கலாம் என்று ஜீஎச்எஸ் (இந்த வகை எண்களைத் தரும் ஐநாவின் உலகப் பொது முறை) விதிகளிலேயே ஒரு குறிப்பு உண்டு. ஐரோப்பாவில் அச்சடித்த தாள்களில் டீசலுக்கு வகை 3 என்றுதான் போட்டிருக்கும். தூக்கத்தில் எழுதினால் இப்படித்தான்.

10 ஜனவரி, பகல் 1.20

கொழும்பில் பெயின்ட் கடையில் நிற்கும் ஒருவர் தன்னுடைய பரலின் படத்தைப் போட்டு, "எனக்கு இரண்டு 3 தெரிகிறது, உங்கள் 2 எங்கே?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இந்த 3 என்ற எண் நம்மை ஏமாற்றுவதற்கென்றே பிறந்தது.

சிவப்புச் சாய்சதுரத்தில் நெருப்புப் படத்துக்குக் கீழே இருக்கும் 3, ஐநா போக்குவரத்து வகுப்பு. எரியும் திரவம் என்ற இனத்தைத்தான் அது சொல்கிறது, எவ்வளவு மோசம் என்பதைச் சொல்வதில்லை. பெற்றோலுக்கும் 3, மண்ணெண்ணெய்க்கும் 3. கடுமையைச் சொல்வது தாளில் ரோம எழுத்தில் வரும் பொதித் தொகுதி. டொலுவீனுக்கு இரண்டாம் தொகுதி, மண்ணெண்ணெய்க்கு மூன்றாம் தொகுதி.

நான்கு நிறக் கட்டம் அமெரிக்காக்காரருடையது. என்எஃப்பிஏ 704 என்பார்கள், 1960களின் தொடக்கத்தில் வந்தது, தீயணைக்க ஓடி வருகிறவன் தூரத்திலிருந்தே பார்த்துப் புரிந்துகொள்வதற்காக. அதில் 0 என்றால் ஒன்றுமில்லை, 4 என்றால் ஆக மோசம். டொலுவீனுக்கு நீலத்தில் (உடல்நலம்) 2, சிவப்பில் (நெருப்பு) 3, மஞ்சளில் (தானாக வினைபுரிவது) 0. ஐநாவின் ஜீஎச்எஸ் 2003இல்தான் வந்தது. அவர்கள் 1ஐ ஆக மோசமாக வைத்துவிட்டார்கள். ஆக ஒரே சாமானுக்கு ஜீஎச்எஸ் 2, என்எஃப்பிஏ 3, ஐநா வகுப்பு 3 எல்லாம் இருக்கும், எல்லாம் சரியாகவும் இருக்கும். மண்ணெண்ணெய்க்கு ஜீஎச்எஸ் 3, என்எஃப்பிஏ சிவப்பில் 2. பார்த்தீர்களா, இரண்டு எண்ணும் இடம் மாறி நிற்கின்றன.

எண்ணை மட்டும் பார்க்காமல் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். கட்டம் தெரியாவிட்டால் எச் எண்ணை, அதாவது ஆபத்து வாசகத்தின் எண்ணை, தேடுங்கள். எச் 224 என்றால் வகை 1, 225 என்றால் 2, 226 என்றால் 3. அதில் குழப்பம் வராது.

12 ஜனவரி, இரவு 8.30

பதுளையில் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி என்னைப் பிடித்துவிட்டார். "அண்ணா, மேலே காற்று மெலிவு சாதகம் என்று எழுதியிருக்கிறீர்களே, பிளாஷ் பொயின்ட் சோதனையில் காற்றழுத்தத்துக்குத் திருத்தம் போடுவார்கள், அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்" என்றார். பார்த்தேன். நான் சொன்னதற்கு நேர் எதிர்ப் பக்கம் போகிறது.

விஷயம் இதுதான். டொலுவீன் ஆவி காற்றில் நூற்றுக்கு 1.1 பங்கு சேர்ந்தால் பற்றும். 7.1 பங்குக்கு மேல் போனால் ஆவி மிஞ்சிவிடும், பற்றாது. திரவம் எவ்வளவு ஆவியை விடும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது, உயரத்தைப் பொறுத்ததல்ல. 10 பாகையில் அதன் ஆவியழுத்தம் ஏறக்குறைய 1.65 கிலோ பாஸ்கல். கொழும்பில் மொத்தக் காற்றழுத்தம் 101, எனவே 1.6 பங்கு. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் 81 அளவில்தான். அதே ஆவி, குறைந்த காற்று, எனவே 2 பங்கு. சோதனை முறைகளில் ஒவ்வொரு கிலோ பாஸ்கல் குறைவுக்கும் கால் பாகை என்று திருத்துவார்கள். 20 குறைந்தால் 5 பாகை. தாளில் 4 என்று அச்சடித்த பிளாஷ் பொயின்ட் உங்கள் ஊரில் சைபரை ஒட்டி வந்துவிடுகிறது. தை, மாசியில் புல்லில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும் விடியற்காலையில்தான் தின்னர் கொஞ்சம் அடங்கி இருக்கும். அந்த நேரத்தில் யார் பெயின்ட் அடிக்கப் போகிறார்?

இன்னொன்று. பெற்றோல் கலனுக்குள் வழக்கமான வெப்பநிலையில் ஆவி மிஞ்சி நிற்கும், உள்ளே பற்றாது, வாயில்தான் பற்றும். டொலுவீன் கேனுக்குள் 10 பாகையில் 2 பங்கு என்றால் 1.1க்கும் 7.1க்கும் நடுவே, உள்ளேயே பற்றுகிற அளவு. உங்கள் குளிர் அதை அணைக்கவில்லை, பற்றுவதற்குத் தோதாகக் கலந்து வைத்திருக்கிறது. நான் முதலில் எழுதியது பிழை. ஹட்டன் 1271 மீற்றர்தான், அதனால் எனக்கு மூன்று, மூன்றரைப் பாகை வித்தியாசம்.

15 ஜனவரி, பொங்கல் லீவு

சின்னக் குறிப்பு. காலையில் வாசலில் பானை வைத்தபோது மருமகன் கேட்டான், அப்பம்மா ஊரில் சீக்கிரம் வேகிற அரிசி இங்கே ஏன் இழுத்தடிக்கிறது என்று. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. பொங்கல் வேகத் தாமதமாவதும் தின்னர் சீக்கிரம் பற்றுவதும் ஒரே காரணத்தால் என்று சொல்லிவிட்டேன். அவன் பானையிலிருந்து மூன்றடி தள்ளி நின்றான்.

"டின்னர் எத்தனை மணிக்கு" என்று கீழே எழுதியவருக்கு: நகைச்சுவை நன்றாக இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அதை டின்னர் என்றுதான் எழுதுவார்கள். பிறகு சோற்றுப் பார்சல் வைக்கும் அதே இடத்தில் அதையும் வைப்பார்கள்.

19 ஜனவரி, இரவு 10.10

தட்டுக் கதைக்கு வருவதற்கு முன் என்னுடைய முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2009இல் பட்டறை புதிது. பிரஷ் கழுவிய தின்னர், ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, தகரப் பேணியில் மண்டிப் போய்க் கிடந்தது. பின்பக்கக் கானில் ஊற்றினேன். கேன் அல்ல, கான், மழைத் தண்ணீர் ஓடுகிற கான். காற்றே இல்லாத பின்னேரம், மலையில் மிஸ்ட் இறங்கி எல்லாம் அப்படியே நின்றது.

நம் ஊரில் கான் எங்கே போகும்? கீழேதான் போகும். ஏழெட்டு யார் தள்ளி, நான்கு படி இறக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. கொங்கிரீட் மூடி போட்ட கான் அதன் அடுப்பங்கரைச் சுவருக்குப் பக்கத்தால் போய், ஒரு சதுர ஓட்டையில் திறக்கும். அடுப்பில் விறகு. டொலுவீன் ஆவி காற்றை விட மூன்று மடங்கு கனம். தண்ணீர் போகிற வழியில்தான் அதுவும் போகும், தண்ணீரைப் போலக் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

நான் பேணியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு நிற்கிறேன். முதலில் கீழே "வுப்" என்று ஒரு சத்தம், கம்பளியை உதறினது போல. அப்புறம் கானுக்குள் நீலமாக ஏதோ என்னை நோக்கி வந்தது. ஓடி வந்தது என்று சொல்லமாட்டேன், அவ்வளவு நேரம் இருக்கவில்லை. கையிலிருந்த பேணி பற்றியது. வலது புருவமும் முன்மயிரும் போயின. கடைக்கார அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுப்பிலிருந்த கேத்தல் மட்டும் கவிழ்ந்தது. அவர் என்னை ஏசின ஏச்சை இங்கே எழுத முடியாது. இன்றைக்கும் அந்தக் கடைக்குப் போனால் "தம்பி, கையில் ஒன்றும் இல்லையே" என்று கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி ஊற்றுவார்.

20 ஜனவரி

நெருப்பு எப்படி மேட்டில் ஏறி வந்தது என்கிறார் ஒருவர். ஆவி ஒரு பாதை போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறது. கீழ் நுனியில் பற்றினால் அதே பாதையால் நெருப்பு திரும்பி வரும். ஊற்றிய இடத்தில் தீப்பெட்டி இல்லை என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம், அது அடுத்த வீட்டில் இருக்கிறது. லயத்து வரிசை வீடுகளில் கான் எல்லா வீட்டு அடுப்பங்கரைக்கும் பின்னால் ஒரே நேராகப் போவதை நினைத்துப் பாருங்கள்.

தண்ணீரை வாளியால் அடிக்கவும் வேண்டாம். டொலுவீன் தண்ணீரில் மிதக்கும். சரிவில் தண்ணீர் அடித்தால் எரிகிற நெருப்பை அடுத்த காம்பராவுக்கு அனுப்புகிறீர்கள். மணல், உலர் பவுடர் சிலிண்டர், நுரை.

27 ஜனவரி, மாலை 5.00

தாளில் நெருப்புப் படத்தோடு இன்னும் இரண்டு படம் இருக்கிறதே, அவை என்ன என்று கேட்டதற்கு. நெருப்பை நாம் எல்லோரும் பார்ப்போம், மற்ற இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை, நானும் 20 வருடம் பார்க்கவில்லை.

ஆச்சரியக்குறி, டொலுவீனுக்கு: தோலை எரிச்சலாக்கும், மயக்கமும் தலைச்சுற்றும் தரும். நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனிதப் படம் பாரதூரமானது. அதற்குள் மூன்று விஷயம். விழுங்கினால் நுரையீரலுக்குள் போய்ச் சாகடிக்கலாம் (எச் 304). கருவிலுள்ள பிள்ளைக்குக் கேடு செய்யலாம் என்ற ஐயம் (எச் 361). நெடுநாள் சுவாசித்தால் உறுப்புகளுக்குச் சேதம் (எச் 373).

என் கையைப் படம் பிடித்துப் போடலாம் என்று நினைத்தேன், சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். வேலை முடிந்து தின்னரால் கை கழுவுகிற பழக்கம் எங்கள் பாஸிடமிருந்து வந்தது. வார்னிஷ் ஒரு நொடியில் போய்விடும், கூடவே தோலிலுள்ள எண்ணெயும் போய்விடும். இரண்டு பெருவிரல் ஓரமும் வெடித்து, பனிக்காலத்தில் இரத்தம் கசியும். உப்பும் சீனிச் சம்பலும் பட்டால் தெரியும். இப்போது தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சவர்க்காரம் போடுகிறேன். ஐந்து நிமிடம் கூடப் போகிறது, கை கையாக இருக்கிறது.

எச் 304 மண்ணெண்ணெய்க்கும் உண்டு. பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரல் விடுவது, உப்புத் தண்ணீர் பருக்குவது எல்லாம் வேண்டாம். குடித்ததை விட, திரும்பி மேலே வரும்போது மூச்சுக்குழாய்க்குள் போவதுதான் கொல்லும். போத்தலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு. அந்தப் போத்தல் எப்போதும் ஒரு சோடாப் போத்தலாகவே இருக்கும், அதுதான் நம் பிரச்சினை.

2 பெப்ரவரி

மண்ணெண்ணெயை மூன்றாம் இடத்தில் போட்டுவிட்டேனே என்று இரண்டு நாளாக உறுத்துகிறது. நம் நாட்டு வீடுகளில் அது எரித்த ஆட்களைத் தின்னர் எரித்திருக்காது. குப்பி விளக்கு விழுந்து எரிந்தவர்களைப் பார்த்துப் பார்த்தே சத்திரசிகிச்சை வைத்தியர் விஜய கொடகும்புர பாதுகாப்பான விளக்கொன்றைச் செய்தார். மார்மைட் போத்தல் மாதிரிக் குட்டை, கனமான கண்ணாடி, விழுந்தாலும் உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டை, திருகு மூடி. 1998இல் அதற்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் பாவித்தது மருந்துப் போத்தலில் ஓட்டை போட்ட மூடி.

குளிர்ந்த மண்ணெண்ணெய்க்குள் தீக்குச்சியைப் போட்டால் அணைந்துகூடப் போகலாம். திரியில் ஏறினால், சீலையில் ஊறினால் அது வேறு சாமான், அந்த மெல்லிய படை நொடியில் சூடேறிவிடும். போத்தலில் இருப்பது என்ன என்பதற்குத்தான் வகை எண். அதை யார் எங்கே வைத்தார், எதில் ஊற்றினார் என்பதற்கு எண் இல்லை. சோதனை செய்யாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சொல்கிறேன், சோதனை செய்யாதீர்கள்.

10 பெப்ரவரி, இரவு 9.00

வெயில் காலம் தொடங்கிவிட்டது, ஸ்வெட்டரைக் கழற்றும்போது இருட்டில் சடசடவென்று பொறி தெரிகிறதா? அந்தப் பொறி போதும். டொலுவீன் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது, குழாயால் ஓடி விழும்போது நிலைமின்னைச் சேர்த்துக்கொள்ளும். பரலிலிருந்து ஊற்றும்போது இரும்புப் பாத்திரம் பாவித்து, பரலுக்கும் பாத்திரத்துக்கும் ஒரு செப்பு வயரைக் கவ்வி, பரலை நிலத்துக்கு எர்த் செய்யுங்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் உயரத்திலிருந்து கொட்டுவதுதான் மோசம்.

"வெறும் பரல் எங்கே வைப்பது" என்று ஒருவர். வெறும் பரல்தான் நிறைந்த பரலை விடப் பயப்பட வேண்டியது ஐயா. கணக்குப் போட்டேன்: 200 லீற்றர் பரலுக்குள் 1.1 பங்கு ஆவி சேர 10 மில்லி லீற்றர் டொலுவீன் போதும். இரண்டு தேக்கரண்டி. நுவரெலியாவில் எட்டு. கவிழ்த்து வைத்த பரலின் மடிப்பில் அதைவிடக் கூட ஒட்டிக்கொண்டிருக்கும். இதைத்தான் குளிக்கத் தண்ணீர் பிடிக்கலாம் என்று கிரைண்டரால் வெட்டுகிறோம். ஒரு கராஜில் மூடி கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன், வெட்டியவர் பக்கவாட்டில் நின்றதால் பிழைத்தார்.

(எட்டு என்பது மில்லி லீற்றர், எட்டுத் தேக்கரண்டி அல்ல. அழுத்தம் குறைந்தால் தேவையான ஆவியும் குறையும்.)

18 பெப்ரவரி

தம்பி தனிச்செய்தி போட்டிருந்தார். இந்தக் கதையெல்லாம் சொல்லியும், தின்னரை வெளியே வைக்க டீமேக்கர் ஐயா (ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பானவர்) அசையவில்லையாம். நெருப்பைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று நினைக்கிறேன், ஸ்டோரில் வாழ்நாள் முழுக்க பர்னஸுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள். அவரிடம் வாசத்தைச் சொல்லுங்கள்.

தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த மணத்தையும் உறிஞ்சும், அது அவருக்கு நம்மை விட நன்றாகத் தெரியும். நான் இருந்த ஸ்டோரில் ஒருமுறை மோட்டர் ஒன்றுக்கு வார்னிஷ் அடித்து, காய்வதற்காகத் தூள் சலிக்கும் அறைக்கு அடுத்த நடையில் வைத்துவிட்டேன். ஒரே ஒரு ராத்திரி. காலையில் அங்கிருந்த டீமேக்கர் தேத்தண்ணியை வாயில் உறிஞ்சித் துப்பிவிட்டு என்னைப் பார்த்த பார்வை! அன்றைக்குச் சலித்த அவ்வளவு தூளும் ஒதுக்கி வைக்கப்பட்டது. எவ்வளவு என்று சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு தின்னருக்கு வெளியே தனிக் கொட்டில் கட்டினார்கள், இரண்டே நாளில்.

கொட்டில் எப்படி என்றால்: அடுப்பு, பர்னஸ், ஜெனரேட்டர் எதற்கும் மேட்டுப் பக்கத்தில் இருக்கக்கூடாது. காற்று ஓட்டை கூரையில் மட்டும் போதாது, நில மட்டத்தில் வேண்டும். வாசலில் நான்கு விரல் உயரத்துக்குத் திண்டு, ஒழுகினால் உள்ளேயே நிற்க. உள்ளே சுவிட்ச் வேண்டாம், வெளிச்சம் வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் ஹட்டனில் இருக்கிறார்.

மண்ணெண்ணெயும் தின்னரும் ஒரே கொட்டிலில் இருக்கலாம், இரண்டும் எரியும் திரவம்தான். முதல் நாள் கேள்விக்கு இதுதான் பதில், 40 நாள் கழித்து. நோய்க்கும் கிருமிக்கும் அடிக்கிற குளோரின் தூளை மட்டும் அதோடு வைக்காதீர்கள். அது எரிய வைக்கிற சாதி, தனி அலுமாரி.

3 மார்ச், காலை 7.30

கொட்டில் வந்துவிட்டது. தம்பி படம் அனுப்பியிருக்கிறார். புதுத் தகரம், நில மட்டத்தில் கம்பி வலை போட்ட ஓட்டை, மணல் வாளி இரண்டு. ஊற்றி வைத்த சின்ன இரும்புக் கேனில் வெள்ளைப் பெயின்டால் பெயர், அதற்குக் கீழே நெருப்புப் படம், மற்ற இரண்டு படமும் கையாலேயே வரைந்தது. வெடித்த நெஞ்சு மனிதன் கொஞ்சம் நம் டீமேக்கர் ஐயா மாதிரி இருக்கிறார் என்று நினைக்கிறேன். தமிழிலும் சிங்களத்திலும் "அபாயம்". எச் 225 சரி.

பெயரை மட்டும் "டின்னர்" என்று எழுதியிருக்கிறார். மாற்றச் சொல்லியிருக்கிறேன்.